கோழி மாமா செத்துப்போன மழைக்காலம்

அவருடைய பெயர் கய். எங்கள் பேச்சில் அந்தச் சத்தத்துக்குக் கோழி என்று பொருள். முதல்முறை என் கடைக்கு வந்தபோது பலகையில் உட்கார்ந்து, நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "நான் கோழி" என்றார். கடையில் இருந்த ஆறு பேரும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். காரணம் தெரியாமலே அவரும் சேர்ந்து சிரித்தார். தெரிந்த பிறகும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. தாய்லாந்தின் வடக்கே எங்கள் பயாவ் ஏரிக்கரையில் கய் புண்ட்கோர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கோழி மாமா என்றால் கைகாட்டாதவர்கள் கிடையாது.

டென்மார்க்கில் ஒரு குறுகலான கடல் துண்டைக் கடக்கும் படகில் வேலை பார்த்தவர். கார்களையும் லாரிகளையும் ஏற்றிக்கொண்டு போகிற படகு. முப்பத்தொரு வருஷம் அதில் கயிறு கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி, முதுகு போய்விட்டது. ஐம்பத்தேழு வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று வருஷம் அவர் ஊர்க் குளிர்காலத்துக்கு மட்டும் எங்கள் ஊருக்கு வந்துபோனார். நான்காம் வருஷம் இரண்டு பெட்டியோடு வந்தார். போகவில்லை.

என் கடைக்கு நாலு வீடு தள்ளி, லாங்கன் பழமரத்தடியில் ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். காலை ஆறு மணிக்குக் கடைக்கு வருவார். அரிசி நூடுல்ஸ், மேலே தக்காளி போட்ட பன்றிக் குழம்பு. உறைந்த ரத்தத் துண்டுகளை முதல் இரண்டு வருஷம் ஓரமாக ஒதுக்கிவைத்தார். மூன்றாம் வருஷம் கூட ரெண்டு போடச் சொன்னார். பிறகு ஏரிக்கரை. அங்கே தண்ணீருக்கு நடுவில் ஒரு கோயில் இருக்கிறது. துடுப்புப் படகில் ஆட்களை ஏற்றிப்போய் இறக்குவார்கள். படகுத்துறைக்காரர்கள் கயிறு கட்டும் விதத்தைப் பார்த்து அவருக்குக் கை பரபரக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் இறங்கி, ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு மணி நேரம் துறையில் நிற்பார். கிழவிகள் படகில் ஏறும்போது கையைக் கொடுத்துத் தூக்கிவிடுவார்.

ஆனால் ஒரு பயம். ஓய்வூதியக்காரர் விசாவில் இருப்பவர் வேலை செய்யக் கூடாது. தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை குடியேற்ற அலுவலகத்துக்குப் போய், இன்ன முகவரியில்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வரவேண்டும். அப்படிப் போனபோது அங்கே இருந்த பெண்ணிடம், "கயிறு கட்டினா வேலைன்னு ஆகுமா?" என்று கேட்டிருக்கிறார். "யார் கழுத்துல?" என்று அவள் கேட்டாளாம். அதை எங்களிடம் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எங்கள் பாஷையை அவர் கற்றது என் கடையில். அதனால் அவருக்குத் தெரிந்தது முழுக்கச் சந்தைப் பேச்சு. ஊர் விகாரையின் பெரிய பிக்குவிடம் போய், கைகூப்பி, மிகுந்த பணிவோடு, "என்ன சாமி, தின்னியா?" என்பார். பிக்கு எண்பது வயதுக்காரர். "தின்னேன், தின்னேன். நீ தின்னியா?" என்பார்.

அவருக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறைதான் கேட்டேன். "ஒரு தங்கச்சி" என்றார். "பேசுவீங்களா?" என்றேன். "இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தன் கிண்ணத்தைத் தானே கழுவினார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அவருடைய ஊர் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு தாள் வரும். அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று இங்கே ஒரு மருத்துவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பவேண்டும். நாலு வருஷத்துக்கு முன் அந்தத் தாள் வரவில்லை. அல்லது அங்கிருந்து கிளம்பி, வழியில் எங்கோ நின்றுவிட்டது. கய் அதை மறந்தேபோனார். ஆகஸ்ட் மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஒரு கடிதத்தோடு கடைக்கு வந்தார். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சீபன், இன்னிக்கு எனக்குச் சாப்பாடு போடாதே. நான் செத்துட்டேன்."

காலஞ்சென்ற கய் புண்ட்கோரின் உடைமைகளைக் கவனிப்பவருக்கு என்று முகவரியில் எழுதியிருந்ததாம். உள்ளே ஆழ்ந்த அனுதாபங்கள். கூடவே, ஓய்வூதியம் நிறுத்தப்படுகிறது என்ற தகவல்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கடையில் காய்கறி நறுக்கித் தரும் தோங்பாய் அக்காவுக்குக் கத்தியே கைநழுவியது. அறுபத்தெட்டு வயதுக்காரி, எதற்கும் பயப்படாதவள். இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் பயப்படுவாள்.

"எழுத்துல வந்துடுச்சா? அதைச் சிரிச்சுக்கிட்டே கையில வேற எடுத்துட்டு வர்றீங்களா?"

"பேப்பர்லதானே செத்தேன், அக்கா."

"யார் பேப்பர்? கவர்மெண்டு பேப்பர்! எமனுக்கும் ஒரு காப்பி போயிருக்காதா?"

உடனே விகாரையில் ஆயுள் நீட்டிக்கும் சடங்கு செய்தாக வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அவர் கேட்கவில்லை. மருத்துவமனைக்குப் போய்க் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினார், அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்துப் படம் எடுத்தார், எல்லாவற்றையும் அனுப்பினார். பரிசீலிக்கச் சில வாரங்கள் ஆகும் என்று பதில் வந்தது. "நான் உயிரோட இருக்கேனான்னு பரிசீலனை பண்றாங்க" என்றார். அப்போதும் சிரித்தார். ஆனால் வங்கி அட்டையும் அடுத்த வாரம் வேலை செய்யாமல் போனதும், கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் அவர் வீட்டுப் படியில் போய் நின்றேன்.

"என்ன மாமா, செத்தவங்களுக்குப் பசிக்காதா?"

"அட்டை சரியானதும் வரேன்."

"அட்டையையா வேகவச்சுக் குழம்புல போடுறேன்? வாங்க. மதியமும் நம்ம கடையிலதான். வரலைன்னா தோங்பாய் அக்காவை அனுப்புவேன்."

வந்தார்.

ஊர்த்தலைவர் இன்பானுக்கு இந்தச் சங்கதி தன்மேல் விழுந்த அவமானமாகப் பட்டது. என் ஊரில் ஒருவர் சாவதென்றால் எனக்குத் தெரியாமல் எப்படிச் சாவார் என்றார். என் கடை மேசையிலேயே உட்கார்ந்து, தன் முத்திரை போட்ட தாளில் ஒரு சான்று எழுதினார். தெருவில் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டோம். தாள் கய்யின் கைக்குப் போனது. எங்கள் எழுத்தை அவர் ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பார். சத்தமாகப் படித்தார்.

"கோழி என்று அழைக்கப்படும் கய்... உயிரோடு இருக்கிறார். தினமும் காலையில்... இரண்டு கிண்ணம் சாப்பிடுகிறார். படகுத்துறையில் எல்லோருக்கும்... உதவுகிறார். இவர் எங்கள் ஊர்க்காரர்."

கடைசி வரியை இரண்டுமுறை கூட்டிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"இதை அங்க அனுப்புங்க" என்றார் இன்பான்.

"இதை அவங்களுக்குக் குடுக்க மாட்டேன்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பரில் ஒரு மதியம், ஒரு மணி இருக்கும். கடையில் கூட்டம். என் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல், வெளிநாட்டுக் குரல். ஒன்றும் புரியவில்லை. நடுநடுவே "கய், கய்" என்பது மட்டும் காதில் விழுந்தது.

"கோழி கிடையாதும்மா. நம்ம கடையில பன்றி மட்டும்தான்" என்றேன்.

மறுபடி "கய்" என்றாள்.

"கோழி வேணும்னா பாலத்துக்குப் பக்கத்துக் கடையில கேளுங்க."

அந்தக் குரல் உடைந்து அழத் தொடங்கியது. கோழி இல்லை என்பதற்கு யாரும் அப்படி அழமாட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் சுவர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியை அவர் காதருகே கொண்டுபோய் வைத்தேன்.

அவர் கேட்டார். கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு அவருடைய பாஷையில் ஒரே ஒரு சொல் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஒரு கூச்சல் எழுந்தது பாருங்கள், அடுப்பருகே திரும்பிவந்து நின்ற எனக்கே கேட்டது. அது அழுகையா வசவா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிற்பாடு அவர் சொன்னார். தோங்பாய் அக்கா சத்தம் வரக்கூடாதென்று நறுக்குவதைக்கூட நிறுத்திவிட்டாள். அவர் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் "யா, யா" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

கூப்பிட்டது தங்கை கிர்ஸ்தன். அந்த அலுவலகம் நெருங்கிய உறவென்று அவளுக்கும் அனுதாபக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அண்ணன் எங்கே இருந்தான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. என்றைக்கோ ஓர் அத்தைக்குக் கய் அனுப்பிய படம் ஒன்று, அத்தை இறந்த பிறகு கிர்ஸ்தனிடம் வந்திருந்தது. படத்தில் என் கடை வாசலில் நிற்கிறார். பின்னால் கடையின் பெயர்ப்பலகையில் என் தொலைபேசி எண்.

"எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டேன்.

"என்னை எங்க புதைச்சிருக்குன்னு கேக்க. பூ அனுப்பணுமாம்."

அன்றைக்குத்தான் தங்கையோடு பேச்சு நின்ற கதையைச் சொன்னார். அவர்களுடைய அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் நினைவு போய்விட்டது. கிர்ஸ்தன்தான் கூடவைத்துப் பார்த்துக்கொண்டாள். அந்த வருஷக் குளிர்காலத்துக்கும் கய் இங்கே வந்துவிட்டார். பிப்ரவரியில் அம்மா இறந்துபோனாள். அங்கே பனிப்புயல், விமானங்கள் இறங்கவில்லை. இவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலிலேயே நிறுத்தி, "வெயில் காயத்தானே போனே? அங்கேயே போய் நல்லாக் காய்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாளாம் தங்கை. இவர் இரண்டு பெட்டியோடு வந்துவிட்டார். பன்னிரண்டு வருஷம் பேச்சே இல்லை.

"அவங்க கோவத்துல சொன்னாங்க. நீங்க அதை அப்படியே எடுத்துக்கிட்டீங்களே மாமா" என்றேன்.

"அவ சொன்னது சரின்னு நினைச்சேன்" என்றார்.

நவம்பரில் கிர்ஸ்தன் வந்தாள். அறுபத்தொன்பது வயது, அண்ணனைவிட ஒரு சாண் உயரம், முழங்கால்வரை மழைக்காலணி. மழை நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. பேருந்து நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். இறங்கினாள், பெட்டியை வைத்தாள், அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்து, தக்காளியைச் சந்தையில் பார்ப்பதுபோல் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"செத்தவன் மாதிரிதான் இருக்கேனாம்."

முதல் வாரம் இருவரும் ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டே இருந்தார்கள். தங்கை தன் ஊரிலிருந்து கருப்பு ரொட்டி கொண்டுவந்திருந்தாள், செங்கல் மாதிரி. எனக்கும் ஒரு துண்டு தந்தாள். நான் மென்றுகொண்டே இருந்தேன். தோங்பாய் அக்கா, "விடாதே, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவே" என்றாள். கிர்ஸ்தன் என் குழம்பில் ரத்தத் துண்டை முதல்நாளே தின்றுவிட்டு இன்னும் கேட்டாள். அவர்கள் ஊரிலும் ரத்தத்தில் பலகாரம் செய்வார்களாம். "அப்போ இவர் எதுக்கு ரெண்டு வருஷம் ஒதுக்கி வச்சார்?" என்று கேட்டேன். "அவன் சின்ன வயசுலயும் அப்படித்தான்" என்றாளாம். மொழிபெயர்த்துச் சொல்லும்போது அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

அம்மாவைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. இரண்டாம் வாரம் ஒருநாள், துறையில் கூட்டமில்லாத நேரம், படகில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது கய் சொல்லிவிட்டார். அதை அன்று மாலையே என்னிடமும் சொன்னார், எல்லாம் கொட்டித் தீர்ந்தவர்போல.

கிர்ஸ்தன் வேலைக்குப் போகும் பகல்களில் அம்மாவோடு அவர் இருப்பார். அம்மாவுக்கு அவரை யாரென்று தெரியாது. வீட்டுக்குள் யாரோ ஓர் ஆள் புகுந்துவிட்டான் என்று நடுங்குவாளாம். மூலையில் ஒண்டிக்கொண்டு, என்னை ஒன்றும் செய்துவிடாதே என்று கெஞ்சுவாளாம். இவர் வீட்டுக்கு வெளியே குளிரில் நின்று, ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு நிற்பார், தங்கை திரும்பும்வரை. தான் இல்லாமல் இருந்தால் அம்மா பயமில்லாமல் இருப்பாள் என்றுதான் அந்த வருஷமும் கிளம்பினார்.

"அதை ஏன் தங்கச்சிகிட்ட சொல்லலை?" என்று நான் கேட்டேன்.

"அவளும் இதையேதான் கேட்டா. உடம்பு தேய அம்மாவைப் பார்த்துக்கிட்டிருந்தா சீபன். பெத்த அம்மா என்னைப் பார்த்துப் பயப்படுறாங்கன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது? எனக்கே வெக்கமா இருந்துச்சு."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"



"தன்னைப் பார்த்தும்தான் பயந்தாங்கன்னு சொன்னா. ராத்திரியெல்லாம் இவளைப் பார்த்து, யார்டி நீ, எங்க வீட்டுல உனக்கு என்ன வேலைன்னு கத்துவாங்களாம். இவளும் யார்கிட்டயும் சொல்லலை. அம்மாவைக் கேவலப்படுத்துற மாதிரி இருக்கும்னு."

இருவரும் படகிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்று துறைக்காரர்கள் சொன்னார்கள். கோயிலுக்குப் போக வந்த குடும்பம் ஒன்று இறங்கச் சொல்லத் தயங்கி, வேறு படகுக்குக் காத்திருந்து போனதாம்.

தோங்பாய் அக்கா விடவில்லை. தங்கை ஊருக்குத் திரும்புமுன் சடங்கு நடந்தே ஆகவேண்டும் என்றாள். இந்தத் தடவை கய் மறுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை. விகாரைக்குள் மூன்று கழிகளை முக்காலிபோல் நட்டு, கரும்பும் வாழைக்குலையும் தேங்காயும் சார்த்தியிருந்தோம். பிக்குகளின் கையிலிருந்து வெள்ளை நூல் கழிகளைச் சுற்றி வந்தது. கய்யை நடுவில் உட்காரவைத்து நூலைத் தலையில் சுற்றினார்கள்.

பெரிய பிக்கு கிர்ஸ்தனைப் பார்த்தார். "அந்தம்மாவையும் உட்காரச் சொல்லு."

"அவ சாகலையே சாமி" என்றார் கய்.

"நீ மட்டும் செத்தியா? உட்காரச் சொல்லுடா."

கிர்ஸ்தனுக்குச் சப்பணமிட வரவில்லை. நெடுங்கால் இரண்டையும் ஒரு பக்கமாக மடித்து, அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். ஒரே நூல் இருவர் தலையையும் சுற்றிப் போனது. ஓதத் தொடங்கினார்கள். அரைமணி நேரம். அவளுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. நூல் அறுந்துவிடுமோ என்று தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் பக்கவாட்டில் திருப்பி அண்ணனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தோங்பாய் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். "புகை" என்றாள். அவ்வளவு புகை இல்லை.

டிசம்பரில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கய் உயிரோடு இருப்பதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். வருத்தமும் தெரிவித்திருந்தார்கள், எதற்கு வருத்தம் என்று எழுதவில்லை என்றார்.

அடுத்த ஜூனில் அவர் அம்மாவின் கல்லறையைப் பார்க்கப் போனார். மூன்று மாதம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டைப் பூட்டி என்னிடம் சாவியைத் தந்தபோது, தோங்பாய் அக்கா அவர் கேட்காத தூரத்தில், "அவ்வளவுதான், இனிமே வரமாட்டார். ரத்தம் இழுக்கும்ல" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது, தங்கையோடு இருந்தால் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் காலையில் ரெண்டு கிண்ணம் கூடுதலாக எடுத்து வைத்துவிடுவேன், பிறகு திரும்ப அடுக்குவேன்.

ஐந்தாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேருந்து நிலையத்திலிருந்து நேராகப் பெட்டியை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். தோங்பாய் அக்காதான் முதலில் பார்த்தாள்.

"என்ன, தங்கச்சி விரட்டிட்டாங்களா?"

"இல்லை. இருன்னுதான் சொன்னா. மாடியில ரூம் எல்லாம் ஒதுக்கிக் குடுத்தா. ஜன்னல்ல தண்ணி தெரியும்."

"அப்புறம் என்ன?"

உட்கார்ந்தார். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

"அம்மாவுக்குப் பூ வச்சோம். செடி நட்டோம். எல்லாம் நல்லா இருந்துச்சு. ஆனா தினமும் காலையில ஆறு மணிக்கு எழுந்து, சட்டை போட்டு, செருப்பு மாட்டிக்கிட்டு வாசலுக்கு வந்துடுவேன். வந்து நின்னா, எங்க போறதுன்னு தெரியலை. ஒருநாள் கிர்ஸ்தன் ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டா. வா, உனக்கு டிக்கெட் போடுறேன்னு சொல்லிட்டா."

நான் நூடுல்ஸை வெந்நீரில் முக்கி எடுத்தேன்.

இப்போது அவருக்கு எழுபத்தாறு. முட்டி வலியால் துறைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போகிறார். துறைக்காரர்கள் அவருக்காகப் படியோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தபடியே முடிச்சைக் குறைசொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்குத் தங்கை கூப்பிடுவாள். அவரிடம் சொந்தத் தொலைபேசி இருக்கிறது. ஆனாலும் என் எண்ணுக்குத்தான் கூப்பிடுவாள். முதலில் என்னிடம், தான் கற்றுக்கொண்ட எங்கள் சொற்கள் ஐந்தையும் வரிசையாகச் சொல்வாள். நான் அவளிடம் கற்ற மூன்றைச் சொல்வேன். பிறகு அவரிடம் கொடுப்பேன். போன வாரம் அவள் புதிதாக ஒரு சொல் சொன்னாள். அதை யார் கற்றுக்கொடுத்தது என்று தெரியும். சபையில் சொல்லக்கூடிய சொல் இல்லை. தோங்பாய் அக்கா ஒன்றும் தெரியாதவள்போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.